கெமிஸ்ட்ரி லேபில் கை நடுங்குகிறது என்றாயே

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பாதியிலேயே நிறுத்திவிட்டாய். ரூம் பையன்கள் பக்கத்தில் இருந்திருப்பார்கள். சொன்ன வரைக்கும் எனக்கு மூன்று விஷயம் புரிந்தது. லேபில் கை நடுங்குகிறது. இங்கிலீஷில் நடத்துவது பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊருக்கு வர உசிலம்பட்டி பஸ் ஏறிவிடலாம் போலிருக்கிறது. வருஷா வருஷம் முதலாமாண்டுப் பிள்ளைகளை லேபில் பார்க்கிறவள் சொல்கிறேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதபோதுதான் கை நடுங்கும். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனை எடுத்துக்கொள்; ஆக்சாலிக் அமிலத்தில் நிறம் நிற்கும் வரை பெர்மாங்கனேட்டை விட்டு, எவ்வளவு செலவாயிற்று என்று அளப்பதுதான் அது. துளி விடுகிற அளவுக் குழாயான பியூரெட்டை முதலில் தண்ணீரில் கழுவு. பிறகு அதில் ஊற்றப்போகிற பெர்மாங்கனேட்டிலேயே 5 மில்லி விட்டு அலசிக் கொட்டிவிடு. உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும், அதற்குத்தான். கரைசலை உறிஞ்சி அளந்தெடுக்கிற பிப்பெட்டையும் அப்படியே, அதில் எடுக்கிற கரைசலால் அலசு. கோனிக்கல் ஃபிளாஸ்க்கை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். கரைசலில் அலசினால் பிப்பெட்டில் அளந்து விடுகிற 20 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும். புனலை எடுத்துவிட்டுத்தான் ரீடிங் பார்க்க வேண்டும். பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி நின்றால் குழாயைச் சட்டென்று முழுக்கத் திறந்து விரட்டு. பிப்பெட்டில் வாய் வைக்காதே, ரப்பர் பல்ப் கேட்டு வாங்கு.

ஆக்சாலிக் அமிலம் 20 மில்லி, அதோடு நீர்த்த கந்தக அமிலம் கிட்டத்தட்ட அதே அளவு. அமிலம் குறைந்தால் பழுப்பாகக் கலங்கிவிடும், அந்த ஃபிளாஸ்க் வீண். 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கு, கொதிக்க விடாதே. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் பதறுகிறார்கள். முதல் துளிகளின் நிறம் உடனே மறையாது, இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து ரீடிங் எழுதிவிடுவார்கள். ஃபிளாஸ்க்கைச் சுழற்றிக்கொண்டே காத்திரு. வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்தும்; பிறகு விழுகிற துளிகள் விழுந்தவுடன் நிறமிழக்கும். கடைசியில் வெளிர் இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் அதுதான் முடிவு. பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கரைசலின் மேல் விளிம்பை, கண்ணுக்கு நேராக வைத்துப் படி.

முதல் ஃபிளாஸ்க்கை ஒத்திகை என்று வைத்துக்கொள். ஒவ்வொரு மில்லியாக விட்டு முடிவு ஏறக்குறைய எங்கே வருகிறது என்று பார். அடுத்ததில் அதற்கு 1 மில்லி முன்புவரை தைரியமாக விட்டு, அப்புறம் துளித்துளியாக விடு. இரண்டு ரீடிங் 0.1 மில்லிக்குள் ஒத்துவரும் வரை செய். பக்கத்து மேஜைப் பையன் முடித்துவிட்டான் என்று உன் ரீடிங்கை மட்டும் திருத்தாதே தம்பி. அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து வாங்கு, அடுத்த லேபுக்குள் ரெக்கார்டு எழுதி முடி. ரெக்கார்டு தேங்கிப்போன பிள்ளைகள்தான் செமஸ்டர் கடைசியில் இரவெல்லாம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கிலீஷ் விஷயம். சொல்வதையெல்லாம் எழுத முயன்றால் எதுவும் காதில் ஏறாது. நோட்டில் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு விட்டு கோடு போடு. வலப்பக்கம் கேட்டதை உனக்குப் புரிந்த தமிழில் எழுது, கலைச்சொல்லை மட்டும் இங்கிலீஷிலேயே வை. புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ. அன்று இரவே இடப்பக்கத்தில் அந்தச் சொற்களையும் பொருளையும் எழுதிவிடு. ஒரு பாடத்துக்கு ஐந்து சொல் போதும். மறுநாளைக்குத் தள்ளினால் உன் கையெழுத்தே உனக்குப் புரியாது. கேள்விக்குறி போட்ட இடங்களில் இரண்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போ. "சார், இந்த வரி வரைக்கும் புரிந்தது, இதற்கு மேல் புரியவில்லை" என்று விரலை வைத்துக் காட்டு. "எதுவுமே புரியவில்லை" என்று போய் நின்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? சனிக்கிழமை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பார். 2023-இல் திறந்தது, உட்கார்ந்து படிக்க அவ்வளவு வசதி. பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழி கெமிஸ்ட்ரி புத்தகத்தையும் கல்லூரிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

இனி வெள்ளிக்கிழமைக் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை என்றால் 68 நாள் இருந்தாக வேண்டும். மிஞ்சுவது 22. வாரம் ஐந்து நாள் என்றால் 18 வாரம். வெள்ளிக்கிழமை மட்டும் மட்டம் போட்டாலே 18 நாள் போயிற்று. அப்புறம் நான்கு நாள் காய்ச்சலில் படுத்தால் தீர்ந்தது. போதாததற்கு டே ஆர்டர் வேறு, கிழமைக்குப் பதில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டுச் சுற்றிவரும் அட்டவணை. ஆறு டே ஆர்டர், ஐந்து நாள் வாரம் என்பதால் வெள்ளியன்று வந்த லேப் அடுத்த முறை பத்து நாள் கழித்துத் திங்கட்கிழமை வரும். கிழமையை வைத்துப் பை கட்டினால் தப்பான நோட்டோடு போய் நிற்பாய். டே ஆர்டர் அட்டவணையைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டு. முதல் இன்டர்னல் தேர்வு முடியும் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மட்டும் வா, வெள்ளி கடைசி வகுப்பு முடிந்த பிறகு. எனக்கும் உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான்.

செமஸ்டர் தாள் 75 மார்க், மூன்று மணி நேரம். இரண்டு மார்க் பத்துக்கும் சேர்த்து அரை மணி, ஐந்து மார்க் கேள்வி ஐந்து, ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம், பத்து மார்க் கேள்வி மூன்று, ஒவ்வொன்றுக்கும் 22 நிமிடம் என்று பிரித்தால் 24 நிமிடம் மிச்சம். உங்கள் கல்லூரியில் கேள்வி அமைப்பு இதே மாதிரிதானா என்று பழைய தாளை வாங்கிப் பார்.

சீனியர் யாராவது மிரட்டினால், சும்மா பாடச் சொன்னாலும் சரி, உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அது ராகிங். 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. ராகிங் புகாருக்கான எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. எனக்கும் சொல். மனசு ரொம்பக் கனத்து, தூக்கமே இல்லை என்றால் மனநல உதவி எண் 14416-க்குப் பேசு, தமிழிலேயே பேசலாம். கல்லூரிப் பையன்களுக்கு அரசு மாதாமாதம் தருகிற தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1000 ரூபாய் வராவிட்டால், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பார்.

அடுத்த லேப் என்றைக்கு என்று டே ஆர்டர் பார்த்து எனக்குச் சொல். அன்று சாயங்காலம் கூப்பிடுகிறேன். இரண்டு ரீடிங்கும் எவ்வளவு வந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா