ஆகஸ்ட் மாதத்துப் பிள்ளை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

அங்கே இங்கிலாந்தில் மருமகனை அவனுடைய கால்பந்துக் கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி உன் வாயால் எனக்கு வரவில்லை. தங்கச்சி என் மனைவியிடம் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறாள். நீயோ இதை மூடி வைத்துக்கொண்டு, போன வாரம் என்னோடு மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுக்களத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனாய். உன் சுபாவம் எனக்குத் தெரியாததா? சாய்ந்தமருதில் விலா எலும்பு உடைந்த அன்றும் வீட்டுக்கு வந்து பிட்டும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் வைத்தியசாலைக்குப் போனவன் நீ. ஆனால் இது உன் விலா எலும்பு அல்ல, பிள்ளையின் மனது. தொலைபேசியில் என்றால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கூடவுமில்லை, குறையவுமில்லை. குடைக்காரர் இன்னமும் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்கிறார். இன்னமும் எதிரணிக்குத்தான் கைதட்டுகிறார். வாழைச்சேனைக்காரர்கள் அந்தப் பந்தைத் திருப்பித் தரவில்லை, தரப்போவதுமில்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் உயர அடித்த பந்து அடித்தவனிடமே திரும்பி வருகிறது. மற்ற ஊர்ப் புதினங்கள் பிறகு.

பிள்ளைக்கு அவர்கள் சொன்ன காரணம் "உடல்வலு போதாது" என்பதாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றிரவு தூக்கமே வரவில்லை. மச்சான், அவன் பிறந்தது ஆகஸ்ட் கடைசியில். இங்கிலாந்தில் இளையோர் அணிகளுக்கான வயதுக் கணக்கு செப்டெம்பர் 1இல் தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடிகிறது. அப்படியானால் அவனோடு ஒரே அணியில் நின்ற செப்டெம்பர் பிள்ளை அவனை விட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். உனக்கும் எனக்கும் ஒரு வருடம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அங்கே அகடமிகள், அதாவது கழகங்களின் இளையோர் பயிற்சிக் கூடங்கள், பிள்ளைகளைப் பதிவு செய்யத் தொடங்குவது ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த வயதில் ஒரு வருடம் மூத்தவன் வேகமாக ஓடுகிறான், தூரமாக அடிக்கிறான், தெரிவாளரின் கண்ணில் படுகிறான். தெரிவானதும் நல்ல பயிற்றுவிப்பாளர், நல்ல புல்தரை, கூடுதலான போட்டிகள் எல்லாம் அவனுக்கே கிடைக்கின்றன. நான்கு வருடம் கழித்து அவன் உண்மையாகவே மற்றவனை விடத் திறமைசாலியாகி நிற்பான். "பார்த்தீர்களா, நாங்கள் சரியாகத்தான் தெரிவு செய்தோம்" என்பார்கள். உலகம் முழுவதும் பெரிய கழகங்களின் இளையோர் அணிகளை எண்ணிப் பார்த்தால், வயதுக் கணக்கின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் நிறைந்தும் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அருகியும் இருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். திறமை மாதம் பார்த்தா பிறக்கிறது?

பிறந்த திகதி பாதிக் கதைதான். ஒரே நாளில் பிறந்த இருவரில் ஒருவனுக்குப் பன்னிரண்டில் மீசை அரும்புகிறது. மற்றவனுக்குப் பதினைந்திலும் குரல் உடையவில்லை. உன் மகன் போன வருடம் குதிகால் வலி என்று சொன்னானே, வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் குதிகாலும் முழங்காலும் நோவது வழக்கம். அவன் வளர ஆரம்பிக்கும் நேரத்திலேயே அவனை அளந்து தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

இங்கிலாந்து வீரன் ஹரி கேனை நினைத்துப் பார். 1993 ஜூலை 28இல் பிறந்தவன். அந்த நாட்டுக் கணக்கில் அவனும் கடைசி மாதங்களின் பிள்ளை. ஆர்சனல் சிறு வயதிலேயே அவனை வேண்டாம் என்று விட்டது. பிறகு டோட்டன்ஹாம் எடுத்தது. லெய்டன் ஓரியண்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று இரவலாகப் போய்ப் போய்த்தான் வளர்ந்தான். ஜேமி வார்டியைப் பதினாறு வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே விட்டது. 2016இல் லெஸ்டரோடு பிரீமியர் லீக் கிண்ணத்தை அவன் தூக்கியதை நாம் இருவரும் பார்த்தோம். கிரீஸ்மனைச் சிறியவன் என்று பிரான்ஸின் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக் கழிக்க, ஸ்பெயினின் ரியல் சொசியடாட் கூட்டிக்கொண்டு போனது. இவர்கள் திரும்பி வந்தவர்கள் என்பதால் பெயர் தெரிகிறது. திரும்பி வராதவர்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நீ உடனே லமீன் யமாலைக் கொண்டு வருவாய் என்று தெரியும். ஆம், பார்சிலோனா அவனை 2023 ஏப்ரலில், பதினாறு வயதாகும் முன்னரே, முதல் அணியில் இறக்கியது. தயாரானவனை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யமால் ஒருவனுக்காகச் செய்த கடிகாரத்தை எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கட்டக்கூடாது என்கிறேன். இதே பார்சிலோனாதான் 2000ஆம் ஆண்டு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள பதின்மூன்று வயது மெஸ்ஸியை எடுத்து, மருந்துச் செலவையும் ஏற்றுக்கொண்டது. அன்று யாராவது "உடல்வலு போதாது" என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தால்?

ஒரு பெரிய கழகத்திடம் பணம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, வைத்தியர்கள் இருக்கிறார்கள். பொறுமை மட்டும் இல்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட அணியின் பயிற்றுவிப்பாளர் அடுத்த சனிக்கிழமை வெல்ல வேண்டும் என்று நினைத்தால், வளர்ந்த பிள்ளையைத்தான் இறக்குவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வேலையை எதைக் கொண்டு அளக்கிறார்களோ அதைத்தான் செய்வார். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து பத்து, பதினொரு வயது வரையான சிறுவர்களுக்குப் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சிறிய கோல்கள், மிகச் சிறியவர்களுக்கு இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று பேருக்கு மூன்று. எல்லாப் பிள்ளைகளின் காலிலும் பந்து படுகிறது. அங்கேயும் பெரியவர்கள் சிலர் கத்தினார்கள், பிள்ளைகளுக்குத் தோற்கத் தெரியாமல் போய்விடும் என்று. எனக்கு அந்தக் கவலை இல்லை. தோற்கத் தெரியாத பிள்ளையை நான் கண்டதில்லை.

பெல்ஜியம் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனித் தேசிய இளையோர் அணிகளை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சில அகடமிகளும் இன்னொரு வழியைப் பரீட்சித்தன. பிள்ளையின் உயரம், எடை, தாய் தகப்பனின் உயரம் இவற்றை வைத்து அவன் கடைசியில் எவ்வளவு வளர்வான் என்று கணிக்கிறார்கள். அந்த உயரத்தில் 85 முதல் 90 வீதத்தை எட்டியவர்கள் எத்தனை வயதானாலும் ஒரு குழு. இதில் சிறியவனுக்கு மட்டும்தான் நன்மை என்று நினைக்காதே. பலத்தால் இடித்துக்கொண்டு போய்ப் பழகியவன், தன்னளவு உடம்புக்காரனுக்கு முன்னால் முதன்முறையாக மூளையைப் பாவிக்க வேண்டி வருகிறது.

நான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நம் கழகத்துச் சிறுவர்களிடம் தாய் தகப்பனின் உயரத்தைக் கேட்டு வாங்கினேன். படுவான்கரையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பையன் இருக்கிறான், டிசம்பர் பிறப்பு. இங்கே கணக்கு ஜனவரியில் தொடங்குவதால் உன் மகனுடைய நிலைமைதான் அவனுக்கும். பெரிய பையன்களோடு ஆடும்போது பந்து வந்தவுடன் ஒரே தொடுகையில் பின்னுக்குத் தட்டிவிடுவான். பயந்தாங்கொள்ளி என்று வேலியோரம் நின்றவர்கள் சொன்னார்கள். அவனை அவனளவு பிள்ளைகளோடு ஒரு மாலை விட்டேன். பந்து வருவதற்கு முன்னரே இடது தோளுக்கு மேலாக ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. வந்த பந்தை வலது காலின் வெளிப்பக்கத்தால் தொட்டு, முதுகோடு ஒட்டி நின்றவனை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினான். அடிபடக்கூடாது என்பதற்காகத் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பழகியவன், ஆடுகளம் முழுவதையும் மனதில் வைத்திருக்கிறான்! குடைக்காரர் கூடக் கைதட்டினார் மச்சான், நம்முடைய பிள்ளைக்கு.

இன்னொன்றும் செய்தேன். நெதர்லாந்தில் ஒரு பரிசோதனை நடந்தது. தெரிவாளர்களின் கையில் பிறந்த திகதிப் பட்டியலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை, பழையபடி மூத்த பிள்ளைகளையே தெரிவு செய்தார்கள். பிறகு ஜேர்சி இலக்கத்தை வயது வரிசையில் போட்டுவிட்டார்கள். ஓடுகிற பிள்ளையின் முதுகிலேயே வயது தெரிந்தபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. எவ்வளவு மலிவான மருந்து! கோடிக்கணக்கில் செலவழிக்கும் கழகத்துக்கு இது ஒரு நாள் வேலை. நாங்கள் மாதங்களின்படி இலக்கம் ஒட்டித்தான் இப்போது தெரிவுப் போட்டி வைக்கிறோம்.

உன் யுனைடெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1937 ஒக்டோபர் முதல் அவர்களுடைய ஒவ்வொரு போட்டிக் குழாத்திலும் தங்கள் இளையோர் அணியில் வளர்ந்த ஒருவராவது இருந்து வருகிறார் என்பதை நீ தேவாரம் போல ஓதிக்கொண்டிருக்கிறாய். நல்ல மரபுதான், நான் மதிக்கிறேன். ஆனால் குழாத்தில் பெயர் இருப்பது வேறு, களத்தில் நிமிடங்கள் கிடைப்பது வேறு. பதினெட்டு வயதுப் பையனுக்கு முன்னால் இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை வாங்கி நிறுத்திவிட்டால், அதுவரை அவனுக்குச் செய்த செலவெல்லாம் வீண். அதைப் பற்றித் தனியாகச் சண்டை பிடிப்போம்.

இப்போது மருமகன். ஓய்வு கொடு, ஆனால் பந்தைப் பறித்து வைக்காதே. பக்கத்துச் சிறிய கழகம் ஏதாவது ஒன்றில், அவனை விரும்பி ஆடவிடும் இடத்தில் சேர். வேறு பெரிய அகடமிக்கு இப்போதே இழுத்துக்கொண்டு ஓடாதே. விட்ட கழகம் அடுத்து என்ன உதவி செய்யும் என்றும் வாய் திறந்து கேள். கிரிஸ்டல் பேலஸ் 2022இல், தான் விடுவிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட இளைஞர்களுக்கு மூன்று வருடப் பராமரிப்புத் திட்டமே அறிவித்தது. பதின்மூன்று வயதுக்காரனுக்கு ஒரு கடிதத்தோடு கதவைச் சாத்துவது எந்த நியாயம்? சரியாக வளர்ந்து முடிந்த பிறகு மீண்டும் பார்ப்போம் என்றாவது அவர்கள் எழுதித் தரவேண்டும். அந்தக் கழகத்தின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. உன் யுனைடெட் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பாடசாலை விடுமுறைக்கு அவனை இங்கே அனுப்பு. மாமாங்கக் கோவில் தீர்த்தத் திருவிழாவோடு வந்தால் தங்கச்சியும் வருவாள், அம்மாவுக்கும் சந்தோஷம். படுவான்கரைப் பையனோடு அவனை ஒரே அணியில் விடுகிறேன், நடுக்களத்தில் இருவரும். உன்னுடைய உயரமும் தங்கச்சியின் உயரமும், அவனுடைய உயரமும் எடையும் அடுத்த கடிதத்தில் எழுது. உன்னுடையதைக் கூட்டி எழுதாதே, எனக்குத் தெரியும். வரும்போது நான்காம் அளவுப் பந்து இரண்டு கொண்டு வரச் சொல். இங்கே இருப்பவை தையல் விட்டுப் போய்விட்டன.

அன்புடன்,
உன் மச்சான்