வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன சனிக்கிழமை ஒரு வினாடி வினாப் போட்டியில் என் மகள் தோற்றாள். தோற்றதில் வருத்தம் இல்லை, தோற்ற கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. "உலகின் மிகப் பழைய அச்சுப் புத்தகம் எது?" மணியை அடித்து "வைர சூத்திரம்" என்றாள். நடுவர் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, குட்டன்பர்க் பைபிள்" என்று சொல்ல, கேள்வி அடுத்த அணிக்குப் போய்விட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டாள்: "அப்பா, 868 முதல்ல வருமா, 1455 முதல்ல வருமா?"

முதலாவது வைர சூத்திரம் அச்சான வருஷம், இரண்டாவது குட்டன்பர்க் பைபிள் அச்சான வருஷம். நான் என்னவென்று சொல்ல? வைர சூத்திரம் என்ற அந்தப் பௌத்த நூலின் படத்தை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். ஏழு தாள்களை ஒட்டிச் செய்த, ஐந்து மீட்டர் நீளச் சுருள் அது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு மரப்பலகை, அதில் எழுத்தை எல்லாம் இடவலமாகத் திருப்பிச் செதுக்கி, மை தடவி ஒற்றி எடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு படம்: நடுவில் புத்தர், இடது மூலையில் மண்டியிட்டுக் கேள்வி கேட்கும் அவருடைய சீடர் சுபூதி. சுருளின் கடைசியில், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதற்காக வாங் சியே என்பவர் தன் தாய் தந்தையின் பெயரில் பயபக்தியோடு செய்வித்தது என்று ஒரு வரி, கூடவே தேதி. நம் கணக்கில் 868 மே 11. தேதி போட்ட அச்சுப் புத்தகங்களில் இன்று முழுசாக இருப்பவற்றில் இதுதான் மூத்தது. சீனாவில் துன்ஹுவாங் அருகே அடைத்துக் கிடந்த ஒரு குகை அறையை வாங் யுவான்லு என்ற தாவோயிசத் துறவி 1900இல் கண்டுபிடித்தார், 1907இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டெய்ன் அவரிடம் பேரம் பேசி வாங்கிய, அந்த அறையிலிருந்த சுவடிக் கட்டுகளோடு இதுவும் லண்டன் போய்ச் சேர்ந்தது. (அது பேரமா வேறெதுவுமா என்று சீனர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும், அதை விடுங்கள்.)

குட்டன்பர்க்கைக் குறைத்துப் பேசவில்லை. அசையும் உலோக எழுத்துகளைக் கோத்து ஐரோப்பாவில் அச்சான முதல் பெரிய புத்தகம் அவருடையது, அதைக் கேளுங்கள், தாராளமாக. "ஐரோப்பாவில்" என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், ஏனென்றால் உலோக எழுத்தில் கொரியர்கள் 1377லேயே சிக்ஜி என்ற பௌத்த நூலை அச்சிட்டுவிட்டார்கள், அதன் இரண்டாம் பாகம் இப்போதும் பாரிஸில் இருக்கிறது. சரி, வைர சூத்திரத்துக்கு முன்னால் அச்சே இல்லையா என்றால் அதுவும் இல்லை. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பே ஜப்பானில் லட்சக்கணக்கான குட்டி மரக் கோபுரங்களுக்குள் மந்திரம் அச்சிட்ட சீட்டுகளை வைத்தார்கள். அந்தச் சீட்டுகளில் தேதி கிடையாது, அவற்றைப் புத்தகம் என்று சொல்வதும் கஷ்டம். "தேதியுள்ள", "இன்றும் இருக்கிற", "புத்தகம்" என்ற சொற்களில் ஒன்றை எடுத்தாலும் விடை மாறிவிடுகிறது, அப்புறம் பிள்ளையைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நம் வீட்டுக் கதையும் இதேதான். தமிழில் அச்சான முதல் புத்தகம் எது என்று கேட்டால் 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்று எழுதி வைத்திருப்பீர்கள். தமிழ் எழுத்தில் என்றால் சரி. வெறுமனே தமிழில் என்றால், ரோமன் எழுத்தில் தமிழை அச்சிட்ட 1554ஆம் வருஷத்து லிஸ்பன் புத்தகம் முந்திக்கொள்ளும்.

போன மதிப்பெண்ணை நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த சுற்றுக்கும் அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்குள் அந்தத் தாளில் ஒன்று கேள்வியைத் திருத்துங்கள், இல்லையென்றால் விடையைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பார்வையாளர் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அப்பா