வியன்னா கதைய உனக்கு எழுதாம இருக்க முடியல

மாப்ள,

நல்லா இருக்கியா? இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, பெரியவன் காலேஜ் சேந்துட்டான். குண்டன் துபாய்ல இருந்து வந்துட்டுப் போனான், உன்னப் பாக்கலன்னு ஒரே பொலம்பல். ஃபோன் பண்ணா எடுக்க மாட்டியா நீ?

இப்ப எழுதறது வேற விஷயம். ஹாஸ்டல் மொட்டமாடில எத்தன தடவ சொல்லிருப்ப, வியன்னா மாநாடுன்னா டான்ஸும் விருந்தும்தான், நெப்போலியன் போனதோட கதை முடிஞ்சுதுன்னு. கொஞ்ச நாளா அந்த மாநாட்டப் பத்தியேதான் படிக்கிறேன், நெப்போலியனத் தோக்கடிச்ச நாடுங்க 1814-15ல ஐரோப்பா எல்லைகளத் திருப்பி வரைய வியன்னால கூடினது. முடியலடா, அங்கதான் ஆரம்பமே!

1814 மார்ச்ல ஷோமோன்ங்கற பிரெஞ்சு ஊர்ல ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா, பிரிட்டன் நாலும் கையெழுத்துப் போடுது: ஆளுக்கு 1,50,000 படை, யாரும் தனியா பிரான்ஸோட சமாதானம் பேசக்கூடாது, கூட்டு 20 வருஷத்துக்கு. 1815 ஜனவரி 3, அதே பிரிட்டனும் ஆஸ்திரியாவும் தோத்துப்போன பிரான்ஸயே சேத்துக்கிட்டு ரஷ்யா, பிரஷ்யாவுக்கு எதிரா ரகசிய ஒப்பந்தம் போடுது. அதுலயும் ஆளுக்கு அதே 1,50,000! படிச்சிட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

போலந்து யாருக்கு, சாக்சனிங்கற ஜெர்மன் ராஜ்ஜியம் யாருக்குங்கறதுலதான் சண்ட. ரஷ்ய ஜார் அலெக்சாண்டருக்கு போலந்து வேணும், அங்க நிக்கறதே அவர் படைதான். தன்கிட்ட இருந்த போலந்து நிலம் போறதுக்கு ஈடா பிரஷ்யா முழு சாக்சனியக் கேக்குது. சாக்சனி ராஜா கடைசிவரைக்கும் நெப்போலியன் பக்கம் நின்னு 1813 லைப்சிக் சண்டைல புடிபட்டவர், அவருக்குப் பரிஞ்சு யார் பேசுவா? ஆனா ரெண்டும் நடந்தா ஆஸ்திரியாவோட பொஹீமியா எல்லைல பிரஷ்யா, கலீசியா எல்லைல ரஷ்யா. ஆஸ்திரிய வெளியுறவு மந்திரி மெட்டர்னிக் எப்படி சும்மா இருப்பாரு?

பொது எதிரி போனா கூட்டும் போச்சும்ப நீ. எனக்கு அது ஒப்பல. சந்தேகத்துக்கு விதை போர் நடக்கும்போதே போட்டாச்சு. 1813 பிப்ரவரில போலந்துல இருக்கற காலிஷ்ல ரஷ்யாவும் பிரஷ்யாவும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க, பிரஷ்யாவ 1806க்கு முந்தின பலத்துக்குக் கொண்டுவரணும்னு, ஆனா எந்த நிலத்தக் குடுத்துன்னு பளிச்சுன்னு சொல்லல. ஷோமோன்ல போலந்து பேச்ச எடுத்தா கூட்டே உடையும்னு ஒதுக்கி வச்சாங்க, அப்புறம் பாரிஸ் சமாதான ஒப்பந்தத்துலயும் முடிவு பண்ணல, அதுக்குள்ள ஜார் படை வார்சால நல்லா கால் ஊன்றிடுச்சு. பேச வேண்டிய நேரத்துல பேசாம விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம், இதுல நீ எவ்வளவு கத்தினாலும் நான் மாறப் போறதில்ல.

அப்புறம் அந்த வியன்னா ஊரு! ஆஸ்திரிய போலீஸ் தலைவர் ஹாகரோட ஆளுங்க தூதருங்க வீட்டு வேலக்காரங்களக் கைக்குள்ள போட்டுக்கிட்டு, குப்பக்கூடைல கிழிச்சுப் போட்டது, கணப்புல பாதி எரிஞ்சதுன்னு காகிதம் காகிதமாப் பொறுக்கி, அறிக்கையா சக்கரவர்த்திக்கு அனுப்புவாங்க. எதிரி வீட்ல இல்லடா, கூட்டாளி வீட்ல! பிரிட்டிஷ்காரங்க உஷாரா சொந்தமா வேலக்காரிங்கள வச்சிக்கிட்டாங்க.

இந்த விரிசல்லதான் பிரான்ஸ் வெளியுறவு மந்திரி டாலிராண்ட் உள்ள வந்தாரு. பிரிட்டன் அமெரிக்காவோட போட்ட போர் முடிஞ்சு சமாதானம் ஆன சேதி புத்தாண்டன்னிக்கு வியன்னாவுக்கு வந்ததும், போலந்து, சாக்சனிக்காகப் போருக்குப் போகக்கூடாதுன்னு லண்டன் சொல்லியிருந்தும், பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி காசில்ரே கையெழுத்துப் போட்டுட்டாரு. நல்லவேள போர் வரல, பிரஷ்யா பாதிக்கு மேல சாக்சனி நிலத்தோட அடங்குச்சு. மார்ச்ல நெப்போலியன் எல்பா தீவுல இருந்து தப்பிச்சு பாரிஸ் திரும்பினதும் அந்த ரகசிய ஒப்பந்தத்தோட நகல் கைல கெடச்சு, நேரா ஜாருக்கே அனுப்பிட்டாரு. ஜார் அத மெட்டர்னிக்கிட்ட காட்டிட்டு நெருப்புல போட்டாருன்னு சொல்வாங்க. மார்ச் 25 நாலு பேரும் மறுபடி சேந்தாங்க, மறுபடியும் ஆளுக்கு 1,50,000.

ஆனா என்னால விடமுடியாதது இதான். நிலம் பிரிக்க அங்க எத்தன தலைன்னு எண்ண ஒரு கமிட்டியே போட்டாங்க, அந்தத் தலைகள்ல ஒண்ணக்கூட கேக்கல. 1815 மே மாசம் இப்ப பெல்ஜியத்துல இருக்கற லியேஜ்ல இருந்த சாக்சன் படைய ரெண்டாப் பிரிச்சு பாதிய பிரஷ்யாவுக்குன்னு சொன்னதும், அந்த சிப்பாய்ங்க பிரஷ்ய தளபதி ப்ளூஷர் தங்கியிருந்த வீட்டு முன்னாடி கலகம் பண்ணாங்க. நெப்போலியனோட சண்டைக்கு ஒண்ணா நிக்க வந்தவங்க. அவங்கள்ல சில பேர பிரஷ்யாக்காரங்களே நிக்கவச்சு சுட்டாங்க. இதுக்கு நீ என்ன சொல்ற? சும்மா ஊம் கொட்டாம விவரமா எழுது.

தங்கச்சிய விசாரிச்சதாச் சொல்லு. பொங்கலுக்கு வந்தா ரெண்டு நாள் தங்குற மாதிரி வா.