தாய்க்கு 180 நாள், தந்தைக்கு 15 நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்படைகளின் பெண் அதிகாரிகளுக்கு இருந்த மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு, தத்தெடுப்பு விடுப்புகளைப் பெண் சிப்பாய்களுக்கும் அதே அளவில் நீட்டிக்க 2023 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஒப்புதல் அளித்தார். பிரசவ வலியில் பதவி வேறுபாடு ஏது? எப்போதோ செய்திருக்க வேண்டியது.

மகப்பேறு விடுப்பு இரண்டு குழந்தைகள் வரை தலா 180 நாள், முழுச் சம்பளத்துடன். சரி. ஆனால் குழந்தைப் பராமரிப்புக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 360 நாள்தான். மத்திய அரசு அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு 730 நாள். சீருடை அணிந்தவளுக்கு அதில் பாதிகூட இல்லை!

தந்தையின் கணக்கு இன்னும் மோசம்: 15 நாள். ராணுவக் குடும்பங்கள் வாழும் எங்கள் நீலகிரியின் வெலிங்டன், அருவங்காடு பகுதியில் கணவன் எல்லையில் இருக்க, பச்சைக் குழந்தையுடன் குளிரில் தனியாகச் சமாளிக்கும் பெண்கள் பலர். பாட்டி வந்து பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் விதி எழுதினார்களோ என்னவோ.

வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் 2022-இல் ராணுவப் பெண் அதிகாரிகள் ஆறு பேர் முதன்முறையாகத் தேர்ச்சி பெற்றனர். அந்தத் தேர்வை எழுதும் வயதில் பலருக்கும் கைக்குழந்தை இருக்கும். தந்தையின் விடுப்பைக் கூட்டுவதோடு, ராணுவக் குடியிருப்புதோறும் நாள் முழுவதும் இயங்கும் குழந்தைகள் காப்பகத்தையும் அமைச்சகம் உறுதிசெய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, அருவங்காடு, நீலகிரி