சாப்பாட்டு விலையில் பாட்டும் அடக்கம்

ஆசிரியருக்கு,

இசைப் பதிப்புரிமை பற்றிய கட்டுரையில் விக்டர் ஹெர்பர்ட்டைக் காணோமே! 1886-ல் நியூயார்க்கில் வந்திறங்கிய செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) கலைஞர். அவர் மனைவி மெட்ரோபாலிடன் ஓபராவில் பாட வந்தார். கணவருக்கு அதே அரங்கின் வாத்தியக் குழுவில் இடம். பிறகு ‘நாட்டி மரியெட்டா’ உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆப்பரெட்டாக்களுக்கு (இலகுவான இசை நாடகங்கள்) இசையமைத்தார். இன்று அவற்றை மேடையேற்றுவோர் குறைவு.

ஆனால் அவர் போட்ட வழக்கு மங்கவில்லை. நியூயார்க்கின் ஷான்லி உணவகம் அவர் பாட்டை அனுமதியின்றிப் பாடவைத்தது. கேட்டால், பாட்டுக்குத் தனிக்கட்டணம் வாங்கவில்லையே என்றது. (நம்மூர் ஹோட்டல்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள்.) கீழ் நீதிமன்றங்களில் ஹெர்பர்ட்டுக்குத் தோல்வி. 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ், வாடிக்கையாளர் கொடுக்கும் மொத்தப் பணத்தில் இசைக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்தார். 1914-ல் ஹெர்பர்ட்டும் சேர்ந்து தொடங்கிய ‘ஆஸ்காப்’ என்ற இசைப் படைப்பாளர் சங்கம் இன்றும் அவர்களுக்காக ராயல்டி வசூலிக்கிறது.

– ஒரு வாசகர், திருச்சி