அரிக்கமேட்டுத் தட்டை வனைந்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், உள்ளே புள்ளி வரிசை ஓடும் அந்த வழவழப்பான ரௌலட்டட் தட்டுகளைச் செய்யும் வித்தையை நம் குயவர்கள் ரோமானியரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. நேரில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த கலங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. கூடவே கிடைத்த இந்தத் தட்டுகளின் அலங்காரமும் மேற்கிலிருந்து வந்த முறை என்றே அவர் நினைத்தார். சரி, அது அந்தக் காலம். பிறகு அங்கே மறுபடி அகழ்ந்த தொல்லியலாளர் விமலா பெக்லி, இவை இந்தியத் தட்டுகள், ரோமானிய வணிகம் பெருகுவதற்கு முன்பே தொடங்கியவை என்று எழுதினார். அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும்கூட இவை கிடைத்திருக்கின்றன. புள்ளி போடும் முறை மட்டும் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அது வாதம்தான், முடிந்த தீர்ப்பு இல்லை. உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

நான் பானை வனையும் குடும்பத்தில் பிறந்தவன். பாதி உலர்ந்த தட்டைச் சக்கரத்தில் வைத்துச் சீவும்போது தகட்டை அழுத்தாமல் கொஞ்சம் தளர்வாகப் பிடித்தால், அது டக்டக்கென்று துள்ளும். துள்ளிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கீறல், வட்டமாக, ஒரே இடைவெளியில். சிறுவயதில் நான் அப்படிக் கெடுத்த தட்டுகளுக்காக அப்பாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. பல வருடம் கழித்து ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள் அதே கீறல் வரிசையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. துள்ளும் தகட்டின் வேலை இது என்று ஆய்வாளர்களிலும் சிலர் சொல்கிறார்கள். தகடு துள்ளும் என்பதைக் கப்பலேறி வந்து ஒருவர் சொல்லித்தர வேண்டுமா?

பானை வந்து இறங்கியது என்பதற்காகத் தொழிலும் கூடவே வந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. ஜப்பானியர் சீனப் பீங்கானை நூற்றாண்டுக்கணக்கில் வாங்கிப் புழங்கினார்கள், செய்யத் தெரியவில்லை. 1592 முதல் 1598 வரை கொரியாவில் நடத்திய போரில் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் அரிட்டா ஊரில் பீங்கான் பிறந்தது. தொழில் போக வேண்டுமென்றால் தொழிலாளி போக வேண்டும்.

இது முதல் முறையும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கருப்பு சிவப்புப் பானைகளுக்கு இரண்டு சாயம் பூசினார்கள் என்று எழுதினீர்கள். சாயமே கிடையாது. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுக்கும், நெருப்பும் காற்றும் படும் வெளிப்பக்கம் சிவக்கும். அன்றே கடிதம் போட்டேன். பிரசுரிக்க வேண்டாம், படித்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பானையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிறவர்கள் வனைகிறவர் ஒருவரிடம்கூடக் கேட்பதில்லை என்பது எங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் தட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்திருக்கிறார்கள். அலங்காரம் இருப்பது உள்ளே, நடுவில். அடுத்த இதழில் தட்டின் உள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படமும், அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்