இன்ஜினை யார் தருவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானப்படைக்கு எந்தப் புதிய போர் விமானம் என்ற விவாதத்தில் விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். 2007-இல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டோம். இழுபறி முடிந்து 2016-இல் ஒப்பந்தமானது 36 பிரெஞ்சு ரஃபேல் விமானங்களுக்கு மட்டும். பழைய மிக்-21 போர் விமானங்களோ 2025-இல் விடைபெற்றுவிட்டன.

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் கிளம்பும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். பெருமைதான். ஆனால் அதன் இன்ஜின் அமெரிக்காவிலிருந்து வந்தாக வேண்டும்! அது தாமதமானதால் 2021-இல் ஆர்டர் கொடுத்த 83 விமானங்கள் தள்ளிப்போயின. எதை வாங்கினாலும் உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் இங்கேயே என்று எழுதி வாங்க வேண்டும். ராணுவத் தளவாட உற்பத்திக்காக அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் பெயர்களைச் சேர்த்தாயிற்று. பம்ப்செட் உதிரிகளை மைக்ரான் பிசகாமல் கடைந்து தரும் கோவையின் கணபதி, பீளமேடு பகுதி லேத் பட்டறைகளுக்கு ஆர்டர் எப்போது?

– ஓய்வுபெற்ற டர்னர், சூலூர்